கழுநீரும் செவலைப் பசுவும்

சோணையம்மாள் எங்கள் வீட்டுக்கு முன்வாசல் வழியாக வந்தது அன்றுதான் முதல் முறை. பதினாறு ஆண்டுகளாக அவர் புறவாசலுக்குத்தான் வந்து போவார். காலை பத்தரை மணிக்கு வாளி தரையில் வைக்கப்படும் ஓசை கேட்கும்; பானை கவிழும் ஓசை கேட்கும்; பிறகு அடுத்த வீட்டு நாய் குரைக்கும். முகம் பார்த்து நாங்கள் பேசியது குறைவு. 2003ஆம் ஆண்டு ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், நான் நாளேடு படித்துக்கொண்டிருந்தபோது, அவர் வெற்று வாளியை வாசற்படியில் வைத்துவிட்டு நின்றார்.

“வாத்தியாரய்யா, அது நீங்க எழுதுனதாம்ல?”

எது என்று கேட்டேன்.

“அரிசி கழுவுன தண்ணிய மாட்டுக்கு ஊத்தாதீக, தலைக்கு ஊத்துங்கன்னு.”

அப்படி நான் எழுதவில்லை என்றேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் நான். எழுதாத ஒன்றை எழுதினேன் என்று ஒருவர் சொன்னால் எனக்கு உடனே சினம் வரும். ஆனால் சோணையம்மாள் வழக்காட வந்தவர் போலப் பேசவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வதைப் போல, எந்த வீட்டுப் பானையிலும் தண்ணீர் இல்லை என்று மட்டும் சொன்னார். வாளியைச் சாய்த்தும் காட்டினார். அடியில் இரண்டு கத்தரிக்காய்க் காம்புகளும் ஒரு வாழைப்பழத் தோலும் ஒட்டிக்கொண்டிருந்தன.

உத்தமபாளையத்தில் எங்கள் தெருவில் பதினொரு வீடுகள். ஒவ்வொரு வீட்டின் புறத்திலும், துணி துவைக்கும் கல்லுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு மண்பானையோ விளிம்புடைந்த பிளாஸ்டிக் குடமோ இருக்கும். அதற்குக் கழனிப் பானை என்று பெயர். அரிசி கழுவிய நீர், சோறு வடித்த கஞ்சி, காய்கறித் தோல், மீந்துபோன பழைய சோற்றின் நீர் ஆகியவை அதற்குள் போகும். சோப்பு நீர் போகாது. எலுமிச்சைத் தோல் போகாது. இதை எவரும் எவருக்கும் கற்பிப்பதில்லை. புதிதாகக் குடிவரும் வீட்டாரும் ஒரு வாரத்தில் தெரிந்துகொள்வர். தெருவின் கடைசி வீட்டில் இருக்கும் சோணையம்மாள் நாள்தோறும் வந்து எல்லாப் பானைகளையும் வாளியில் கவிழ்த்து, பானையை அலசிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். அந்தக் கழனித் தண்ணீரில் தவிடும் பருத்திப் பிண்ணாக்கும் கரைத்துத் தம் செவலைப் பசுவுக்கு வைப்பார். இதற்குக் கூலியும் இல்லை, விலையும் இல்லை. பசு கன்று ஈன்ற மூன்றாம் நாள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தம்ளர் சீம்பால் வரும். அவ்வளவுதான்.

இனி, என் கட்டுரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு மாசி மாதத்தில் என் மனைவி சண்முகத்தாய்க்கு டைபாய்டு காய்ச்சல் வந்து போனது. காய்ச்சல் போன பிறகு தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. சென்னையிலிருந்து எங்கள் மகள் ஒரு ஷாம்பு புட்டியை அனுப்பினாள். அதைத் தேய்த்த இரண்டாம் வாரத்தில் உச்சந்தலை முழுவதும் அரிப்பு. அதே சமயத்தில் எங்கள் வீட்டு வாசற்சாக்கடை அடைத்துக்கொண்டது. நானே கம்பியை விட்டுக் குத்தி எடுத்தேன். வெளியே வந்தவை அனைத்தும் ஷாம்புப் பொட்டலங்கள். ஒரு விரல் அகலத்துக்கு மினுமினுக்கும் தாள்கள். அவற்றின்மீது அச்சிடப்பட்டிருந்த பெண்ணின் கூந்தலைப் போல எங்கள் தெருவில் எவருக்கும் கூந்தல் இல்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்பிள்ளைகளை, ‘உன் முடி போதாது, உன் நிறம் போதாது’ என்று நாள் முழுவதும் தொலைக்காட்சியில் இழித்துரைத்து, அந்த இழிவுக்கு மருந்தும் தாமே விற்கும் வணிகம் எனக்கு அப்போதும் பொறுக்கவில்லை, இப்போதும் பொறுக்கவில்லை.

சண்முகத்தாய் புட்டியை ஒதுக்கிவிட்டு, அரிசி கழுவிய நீரைக்கொண்டு தலையை அலசத் தொடங்கினாள். பலன் உண்டா என்று கேட்டேன். இருப்பதாகத் தோன்றுகிறது என்றாள். தோன்றுவதை எழுத முடியாது. ஆகையால் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பங்குனி தொடங்கி எட்டு வெள்ளிக்கிழமைகள் குறித்து வைத்தேன். சீப்பில் வந்த மயிரை வாரத்துக்கு ஒரு தாளில் மடித்து வைக்கச் சொன்னேன். அவள் சிரித்தாள், ஆனாலும் வைத்தாள். எட்டாம் வாரத் தாள் முதல் வாரத் தாளில் பாதிகூட இல்லை. காய்ச்சல் கண்டவர்களுக்குச் சில மாதங்களில் உதிர்வு தானாகவே குறையும் என்பதையும் அறிந்திருந்தேன். அதனால் முடி வளரும் என்று நான் எழுதவில்லை. சிக்கு எளிதில் விடும், அரிப்பு அடங்கும், முகத்தில் ஒற்றினால் வேர்க்குருவின் எரிச்சல் தணியும் என்று மட்டுமே எழுதினேன்.

செய்முறையையும் எழுதினேன். முதலில் கழுவும் நீரில் தவிடும் உமித்தூசியும் இருக்கும்; அது தலைக்கு ஆகாது. இரண்டாம் முறை கழுவிய நீரை மண்சட்டியில் அரைநாள் மூடி வைக்க வேண்டும். சற்றே புளித்த மணம் வந்ததும், சீயக்காய் தேய்த்துக் குளித்த பிறகு, மயிர்க்கால்களில் ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். முகத்துக்கானால் புளிக்காத நீரையே பருத்தித் துணியில் நனைத்து ஒற்ற வேண்டும். வீட்டில் வடிகஞ்சி இருந்தால் அதில் சீயக்காயைக் கரைத்துக்கொள்ளலாம். ஆனால் குக்கர் வந்த பிறகு எங்கள் தெருவில் கஞ்சி வடிப்பவர்கள் இரண்டு வீட்டார் மட்டுமே.

வட்டார ஓய்வூதியர் சங்கம் நடத்தும் எட்டுப் பக்க மாத இதழில், ஆடி மாதம், எட்டாம் பக்கத்தில் அது வெளிவந்தது. ‘கூந்தலுக்கும் மேனிக்கும் கழுநீர்’ என்பது தலைப்பு. அந்த இதழை ஓய்வூதியர்களே படிப்பதில்லை; அகவிலைப்படி உயர்ந்ததா என்று முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, மிளகாய் காயவைக்க விரித்துவிடுவார்கள். என் கட்டுரைக்கும் அந்தக் கதிதான் என்று எண்ணியிருந்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் சோணையம்மாள் வாளியோடு வந்தார்.

அவர் போன பிறகு சமையலறைக்குச் சென்று, நம் வீட்டுக் கழனிப் பானையிலாவது தண்ணீர் இருந்திருக்குமே என்று சண்முகத்தாயிடம் கேட்டேன். அவள் அடுப்பு மேடைக்குக் கீழே கையைக் காட்டினாள். மூன்று மண்சட்டிகள் தட்டுகளால் மூடப்பட்டு வரிசையாக இருந்தன.

“கழனிப் பானைய மொதல்ல நிறுத்துனதே நம்ம வீடுதான். நீங்க எழுதுனதத்தான செய்றேன்,” என்றாள்.

இரண்டாம் முறை கழுவிய நீரில் ஒரு தம்ளர் போதும் என்றுதானே எழுதினேன், எஞ்சியதை மாட்டுக்கு ஊற்றச் சொல்லித்தானே முடித்தேன் என்றேன். அவள் அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அது என் கட்டுரையின் ஜெராக்ஸ். எங்கள் தெருவில் நான்காம் வீட்டில் இருக்கும் பாஜிலா, தன் கணவர் இத்ரீசின் துணிக்கடையில் உள்ள ஜெராக்ஸ் இயந்திரத்தில் நகலெடுத்துப் பதினொரு வீடுகளுக்கும் கொடுத்திருக்கிறாள். பாஜிலா என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்தவள். தாளின் தலைப்பில், ‘சார் எழுதியது. முடி நன்றாக வளரும்’ என்று அவள் கையெழுத்தில் இருந்தது. கட்டுரையின் கடைசி வரி இது: ‘அரிசி கழுவிய நீரில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது.’

அதற்குப் பின் ஒன்றும் இல்லை.

‘எஞ்சியது, வழக்கம் போல், மாட்டுக்கு.’ இந்தத் தொடர் எனக்கு நன்றாக நினைவிருந்தது. கட்டுரையை முடிக்கப் பொருத்தமான தொடர் என்று மகிழ்ந்ததும் நினைவிருந்தது. இடம் போதாமல் அச்சகத்தார் வெட்டியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். நேரில் போய்க் கேட்பது என்றும் முடிவு செய்தேன்.

அதற்கு முன் பசுவைப் பார்த்துவிடலாம் என்று மாலையில் சோணையம்மாளின் வீட்டுக்குப் போனேன். செவலைக்கு எட்டாம் மாதச் சினை. பால் வற்றியிருந்தது. விலாவெலும்புகளை எண்ணலாம் போல இருந்தன. வயிறு மட்டும் தனியாகத் தொங்கியது. அந்த ஆண்டு முதற்போக நெல் பாதியாகக் குறைந்து வைக்கோல் அரிதாகியிருந்தது. குழாயில் மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீர். தொட்டி நிறைய நல்ல தண்ணீரில் தவிடு கரைத்து வைத்திருந்தார். பசு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கன்றுக்குட்டியாக இருந்த நாள் முதல் கழனித் தண்ணீரின் புளிப்பிலேயே பழகிய மாடு. வெறுந்தண்ணீர் அதற்குத் தண்ணீராகவே தெரியவில்லை. கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, தீனியை விடத் தண்ணீர்தான் முதன்மை, எப்படியாவது குடிக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

சோணையம்மாளின் மருமகன் முத்துராஜாவும் அங்கே இருந்தான். மினி லாரி ஓட்டுபவன், முரடன் அல்லன். எனக்கு முக்காலி எடுத்துப் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து மாமியாரிடம் பேசினான்.

“அத்தே, படுத்துருச்சுன்னா பெறகு எந்திரிக்காது. நாலு பேரு வந்து தூக்கணும். நிக்கிறப்பவே குடுத்துருவோம். ஞாயித்துக்கிழமை தரகரு வாறாரு, கூடலூர்ல ஏத்துனா சாயங்காலம் அங்கிட்டு எறங்கிரும்.”

“அங்கிட்டு எறங்குனா?” என்றார் சோணையம்மாள்.

அவன் என்னைப் பார்த்தான். குமுளி மலைக்கு அப்பால் கேரளத்தில் இறங்கும் மாடுகளுள் எவை தொழுவத்துக்குப் போகின்றன, எவை வேறு இடத்துக்குப் போகின்றன என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். விலாவெலும்பு தெரியும் மாட்டை எவரும் தொழுவத்துக்கு வாங்குவதில்லை.

சோணையம்மாளுக்கு அந்தப் பசுவைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. கணவர் இறந்த ஆண்டில் கன்றாக வாங்கிய செவலைத் தாயின் வழி வந்தது அது. இன்னும் ஐந்து வாரம் நின்றுவிட்டால் கன்று ஈனும், பால் வரும். ஐந்து வாரம் நிற்குமா என்பதுதான் கேள்வி. ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள்கள் இடையில் இருந்தன.

மறுநாள் புதன்கிழமை, காலை பேருந்தில் கம்பத்துக்குப் போனேன். சங்க இதழை அச்சடிக்கும் உமர் பாருக்கும் என் மாணவன்தான். இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தான், தேநீர் வருவித்தான். நான் தேநீரைத் தொடவில்லை. கட்டுரை என்பது எழுதியவனுடைய பொறுப்பு, அதில் ஒரு தொடரை வெட்டுவதானால் எழுதியவனைக் கேட்க வேண்டும், நீங்கள் வெட்டிய ஒரு தொடரால் எங்கள் தெருவில் ஒரு மாடு சாகக் கிடக்கிறது என்று சற்று உரக்கவே சொன்னேன். அச்சுக் கோக்கும் பெண்கள் கணினியிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள்.

உமர் பாருக் உள்ளே சென்று, கம்பியில் குத்தி வைத்திருந்த தாள்களைக் கட்டோடு எடுத்து வந்தான்.

“கையெழுத்துப் பிரதிய எறியக் கூடாதுன்னு நீங்க சொன்னதுதான் சார்,” என்று சொல்லி, ஆடி மாதத்துத் தாள்களைப் பிரித்து என் முன் வைத்தான்.

என் கையெழுத்து, நீல மை, நான்கு பக்கங்கள். நான்காம் பக்கத்தின் கடைசி வரி, ‘ஒரு சொட்டும் வீணாகக் கூடாது.’ அதன் கீழே கோடு. கோட்டின் கீழே என் கையொப்பம். கோட்டுக்கும் கையொப்பத்துக்கும் இடையே நான்கு விரல் அகலத்துக்கு வெறுந்தாள் இருந்தது. எழுதுவதற்கு இடம் இல்லாமலும் இல்லை.

உமர் பாருக் அச்சான இதழையும் அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தான்.

“ரெண்டு எடத்துல ஒத்து விட்டுப்போச்சு சார். அது எங்க தப்பு. இது...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். பிறகு, தேநீர் ஆறிவிட்டது, வேறு சொல்லட்டுமா என்று கேட்டான்.

ஆறிய தேநீரையே குடித்தேன். அவனைக் கடிந்து பேசியதற்கு அவன் ஊழியர்களின் முன்பாகவே வருத்தம் தெரிவித்தேன். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுகிறேன் என்றான் உமர் பாருக். அடுத்த இதழ் வர இருபது நாள் ஆகும்.

திரும்பும் பேருந்தில், அந்தத் தொடர் எங்கே தோன்றியது என்று யோசித்தேன். ஆற்றங்கரையில் காலை நடைப் பயிற்சியின்போது தோன்றியது. சொல்லிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து காப்பி குடித்தேன். தொடர் எழுதப்பட்டுவிட்டதாகவே மனம் எண்ணிக்கொண்டது. மாணவர்கள், ‘விடை தெரியும் ஐயா, எழுத விட்டுப்போயிற்று’ என்று சொல்லும்போதெல்லாம் எழுதாத விடைக்கு மதிப்பெண் இல்லை என்று நான் சொல்லியிருக்கிறேன். ஆண்டுக்கு நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்குச் சோணையம்மாள் வந்தபோது புறவாசலில் நான் நின்றேன். வாளியைக் கொடுங்கள் என்றேன். அவர் கொடுக்கவில்லை. நான் பிடியைப் பற்றினேன்; அவரும் விடவில்லை. சண்முகத்தாய் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேணாமய்யா. ஊரு என்னயத்தான் பேசும்,” என்றார் சோணையம்மாள்.

ஊர் என்னைப் பேச வேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறேன் என்றேன். பிடி என் கைக்கு வந்தது. சண்முகத்தாய் மூன்று சட்டிகளில் இரண்டைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். மூன்றாவதைப் பார்த்தேன். அவள் தயங்கி, அதிலிருந்து ஒரு தம்ளரை முகந்துகொண்டு, மீதியையும் கவிழ்த்தாள்.

தெருவில் நான் நடந்தேன்; சோணையம்மாள் பத்தடி பின்னால், யாரோ போல வந்தார். எங்கள் தெருவின் புறவாசல்கள் ஒரு சந்தில் திறக்கின்றன. முப்பது ஆண்டுகளில் நான் அந்தச் சந்துக்குள் நுழைந்தது அன்றுதான்.

பாஜிலாவின் வீட்டில் அவள் தலைக்குக் குளித்துவிட்டு நின்றாள். என்னைக் கண்டதும் முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு, இத்ரீஸ் கடைக்குப் போயிருக்கிறார், முன்பக்கம் வாருங்கள் என்றாள். இத்ரீசைப் பார்க்க வரவில்லை, கழுநீர் வாங்க வந்தேன் என்று வாளியைக் காட்டினேன். அவள் வாளியைப் பார்த்தாள். சந்தில் எட்டி நின்ற சோணையம்மாளைப் பார்த்தாள். உள்ளே போய் இரண்டு குடங்களையும் ஒரு சட்டியையும் இழுத்து வந்தாள்.

“ஒரு சொட்டும் வீணாகக் கூடாதுன்னு எழுதுனீக சார். மொகத்துக்கு ஒண்ணு, தலைக்கு ஒண்ணு, புள்ளைக காலுக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வச்சிருக்கேன்.”

“இதில் இருபது பேர் தலைக்கு இருக்கிறது. உன் வீட்டில் எத்தனை தலை?”

“நாலு சார். அதுல மச்சானுக்கு முடியே இல்ல.”

சோணையம்மாள் சிரித்ததைப் பத்தடி தொலைவிலிருந்து கேட்டேன். பாஜிலாவும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மாடு குடிக்காமல் கிடக்கிறதா என்று சோணையம்மாளிடம் கேட்டாள். எட்டாம் மாதம் என்று அவர் சொன்னார். பாஜிலா இரண்டு குடங்களையும் தானே தூக்கிக் கவிழ்த்தாள். ஒரு குடத்து நீர் மூன்று நாள் புளித்து மூக்கைத் துளைத்தது. அதை முகத்தில் தடவ வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் இரண்டு நாளாகத் தடவிக் கன்னத்தில் பொரிப்பொரியாக எழும்பியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அரைநாள் என்று எழுதியிருந்ததைப் படித்தாயா என்று கேட்டேன். நாள் கூடினால் குணமும் கூடும் என்று நினைத்தாளாம்.

எல்லா வீட்டிலும் அவ்வாறு முடியவில்லை. ஏழாம் வீட்டு நல்லகண்ணு வருவாய்த்துறையில் ஓய்வு பெற்றவர். கழுநீரைத் தெருவில் மற்றவர்கள் பிடித்துவைக்கும்போது அவர் வீட்டார் மட்டும் ஏன் மாட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். மற்றவர்களும் கொடுக்கிறார்கள் என்று வாளியைக் காட்டினேன்.

“கட்டுரையில அப்பிடி இல்லையே. எழுத்துல குடுங்க சார்,” என்றார்.

அவர் வீட்டு நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அங்கேயே எழுதிக் கொடுத்தேன்: ‘இரண்டாம் கழுநீரில் ஒரு தம்ளர் மட்டும் தலைக்கு. எஞ்சியது, வழக்கம் போல், மாட்டுக்கு.’ கையொப்பமும் நாளும் இட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரு முறை படித்துவிட்டு, உள்ளே குரல் கொடுத்தார். ஒன்பதாம் வீட்டிலும் பத்தாம் வீட்டிலும் கொடுக்க மறுத்துவிட்டார்கள். குழாயில் தண்ணீர் வராத நாளில் கழுநீர்கொண்டுதான் பாத்திரம் அலம்புகிறோம் என்று அந்தப் பெண்கள் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. அவர்கள் என் கட்டுரையைப் படித்திருக்கவே இல்லை.

ஒன்றரை வாளி சேர்ந்தது. தவிட்டைக் கரைத்துச் சோணையம்மாள் தொட்டியில் ஊற்றினார். செவலை மூக்கை நீர்மட்டத்தில் வைத்து ஒரு முறை ஊதியது. குடிக்கவில்லை. இரண்டாம் முறை ஊதியது. பிறகு வாய் வைத்தது. தொட்டியின் அடி தெரியும்வரை தலை நிமிரவில்லை. கழுத்துக்குள் தண்ணீர் இறங்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டு நாங்கள் இருவரும் நின்றோம்.

வெள்ளிக்கிழமை இரண்டு வாளி. சனிக்கிழமை இரண்டரை. வெள்ளியன்று வாளியை நான் எடுத்தபோது சோணையம்மாள் மறுக்கவில்லை. சனியன்று எனக்காகக் காத்திராமல் தாமே தொடங்கிவிட்டிருந்தார். இரண்டாம் வீட்டு வாசலில் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தரகர் வந்தார்; முத்துராஜா உடன் வந்தான். தகவல் கேட்டு நானும் போனேன். தரகர் பசுவைச் சுற்றி வந்து, வாலைத் தூக்கிப் பார்த்து, விலாவில் உள்ளங்கையை வைத்தார். துண்டுக்கு அடியில் விரல்களால் விலை பேசுவதற்காக முத்துராஜாவின் கையைத் தேடினார். முத்துராஜா கையைக் கொடுக்கவில்லை, மாமியாரைப் பார்த்தான்.

நாலு நாளில் என்ன மாறிவிட்டது, எலும்பு இன்னும் தெரிகிறதே, நாளைக்கே தெருவில் தண்ணீரை நிறுத்திவிட்டால் என்ன செய்வாய் அத்தை என்று அவன் கேட்டான். கேள்வி நியாயமானது. பதில் சொல்ல வேண்டியவன் நான் என்று வாயெடுத்தேன். சோணையம்மாள் முந்திக்கொண்டார்.

“ஒம்போது வீட்டுத் தண்ணி குடிக்கிற மாடு மாப்ள. நான் ஒருத்தியா எப்பிடி விக்கிறது?”

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஒன்பது வீட்டாரிடமும் கையெழுத்து வாங்கி வையுங்கள், நான் அடுத்த மாதம் வருகிறேன் என்று சிரித்துவிட்டுப் போனார். முத்துராஜா சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டுச் சாணத்தை அள்ளத் தொடங்கினான்.

என் திருத்தம் புரட்டாசி இதழில், எட்டாம் பக்கத்தில், கட்டம் கட்டி வெளிவந்தது. ஒற்றுப் பிழை ஒன்றும் இல்லை. அதை எவரும் ஜெராக்ஸ் எடுக்கவில்லை. நல்லகண்ணு மட்டும், நான் எழுதிக் கொடுத்த நாட்காட்டித் தாளோடு அச்சான திருத்தத்தை ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று தெரிவித்தார். பாஜிலாவின் கன்னம் பத்து நாளில் சரியாயிற்று. அவள் இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் ஒரு தம்ளர் எடுத்து வைக்கிறாள். சண்முகத்தாயும் எடுத்து வைக்கிறாள். தெருவில் ஷாம்புப் பொட்டலங்கள் குறைந்தனவா என்று கேட்டால், குறையவில்லை என்பதே உண்மை.

புரட்டாசி முடிய இரண்டு நாள் இருந்தபோது செவலை கிடாரிக் கன்று ஈன்றது. மூன்றாம் நாள் காலை சோணையம்மாள் சீம்பால் கொண்டு வந்தார். முன்வாசல் வழியாக அல்ல, புறவாசல் வழியாக. ஒன்பதாம் வீட்டுக்கும் பத்தாம் வீட்டுக்கும்கூட ஒவ்வொரு தம்ளர் கொடுத்துவிட்டுக் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். தூக்குவாளியிலிருந்து ஊற்றினார். தம்ளர் பாதிதான் நிறைந்தது. தூக்குவாளியில் இன்னும் பால் இருந்தது. ஆயினும் அவர் மூடியை அழுத்தி மூடினார்.

சண்முகத்தாய் தம்ளரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“மீதி அரைத் தம்ளர நீங்க தலைக்கு ஊத்திட்டீகளே வாத்தியாரம்மா,” என்றார் சோணையம்மாள். கழனிப் பானையைக் கவிழ்த்தெடுத்து, அலசி வைத்துவிட்டுப் போனார்.

நான் உள்ளறையில் இருந்தேன், எல்லாம் கேட்டது. அந்த மதிப்பெண் சரியானதே. சண்முகத்தாய் வெல்லம் இட்டு அவித்தாள். அரைத் தம்ளர் பால் ஒரு சிறு கிண்ணம் அளவுக்குத்தான் கட்டியாயிற்று. கத்தியால் இரண்டாகக் கீறி ஆளுக்கொரு துண்டு தின்றோம்.